கிரேன் காட்டும் அறிகுறிகள்: மொரீஷியஸ் தளங்களில் எதை முதலில் பார்ப்பது

தூத்துக்குடித் துறைமுகத்தில் கலாசியாக (சுமையைக் கட்டி ஏற்றி இறக்கும் தொழிலாளியாக) தொடங்கி, இப்போது மொரீஷியஸில் சுமை தூக்கும் வேலைகளை மேற்பார்வை செய்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, கிரேன் இப்படிச் செய்கிறது, என்ன கோளாறு?" ஒவ்வொரு முறையும் தளத்தில் நின்று வாயால் சொன்னதை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கேபினுக்குள் இருக்கும் லோடு சார்ட், இத்தனை மீட்டர் பூமில் (கிரேனின் நீண்ட கையில்), கிரேனின் சுழல்மையத்திலிருந்து இத்தனை மீட்டர் தூரத்தில், இத்தனை டன் தூக்கலாம் என்று சொல்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. கிரேன் உறுதியான தரையில் மட்டமாக நிற்க வேண்டும். சுமை எதிலும் ஒட்டாமல் செங்குத்தாகத் தொங்க வேண்டும். காற்று வரம்புக்குள் இருக்க வேண்டும். ரோப், ஹூக், பிரேக் மூன்றும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் அந்த எண் செல்லாது. ஐந்தாவது நிபந்தனை ஒன்று உண்டு, அதை எந்தச் சார்ட்டும் அச்சிடுவதில்லை: கீழே சொன்னதும் மேலே கேட்டதும் ஒன்றாக இருக்க வேண்டும். அறிகுறி எதுவாக இருந்தாலும், இந்த ஐந்தில் எது போயிற்று என்றுதான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன் சுமை தரைக்கு வந்தாக வேண்டும். ஆட்களை விலக்குங்கள். ரோப்பை விட்டுச் சுமையை இறக்குங்கள், பூமைச் சாய்த்து இறக்காதீர்கள். பூம் சாயச் சாயத் தூரம் கூடும், தூரம் கூடக்கூட கிரேனின் திறன் குறையும். அவசரத்தில் இந்தத் தவறைச் செய்து கவிழ்ந்த கிரேன்கள் பல. இந்த முதல் படிக்கு ஒரே விதிவிலக்கு மின்கம்பி. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவுட்ரிகர் பாதம் இறங்குகிறது, அல்லது மட்டக்குமிழி நகர்கிறது

அவுட்ரிகர் என்பது கிரேனைத் தாங்க நான்கு மூலைகளிலும் வெளியே நீளும் கால். மட்டக்குமிழி, கிரேன் மட்டமாக நிற்கிறதா என்று காட்டுவது. இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மற்ற கோளாறுகள் சத்தம் போடும். தரை சத்தமில்லாமல் போகும்.

முதலில் எவ்வளவு பாரம் அந்த ஒரு பாதத்தில் விழுகிறது என்று கணக்கிடுங்கள். கிரேன் 36 டன், சுமை 4 டன் என்றால் மொத்தம் 40 டன். நான்கு பாதங்களுக்கும் பத்துப் பத்து டன் என்று எண்ணிவிடக் கூடாது. பூம் ஒரு மூலைக்கு நேராக வரும்போது மொத்தத்தில் முக்கால் பங்கு, அதாவது 30 டன் வரை, அந்த ஒரே பாதத்தில் இறங்கலாம் என்று வைத்துத்தான் தரையைத் தயார் செய்ய வேண்டும். பாதம் 50 சென்டிமீட்டர் சதுரம் என்றால் பரப்பு கால் சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 120 டன் அழுத்தம். எந்த மண்ணும் தாங்காது. அதே பாதத்துக்குக் கீழே ஒன்றரை மீட்டர் சதுரமுள்ள, வளையாத மேட் (தாங்குபலகை) போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 13 டன்னாகக் குறைகிறது. நன்றாக இறுகிய காய்ந்த மண் இதைத் தாங்கக்கூடும். மழையில் ஊறிய களிமண் தாங்காது. பலகை மெல்லியதாக இருந்தால் பாதத்துக்கு நேர்கீழே மட்டும் வளைந்து, மீதிப் பரப்பு சும்மா கிடக்கும். ஆகவே பெரிய பலகையாக இருந்தால் மட்டும் போதாது, தடித்த பலகையாகவும் இருக்க வேண்டும்.

இனி இந்தத் தீவுக்கே உரிய காரணங்கள். மொரீஷியஸ் எரிமலையில் பிறந்த நிலம். பாறை என்று நம்பி நிற்கும் இடத்துக்குக் கீழே எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன குகைவழி இருக்கலாம். வடகிழக்கில் ரோஷ் நுவார், பிளேன் தெ ரோஷ் பக்கம் ஆள் நடந்து போகும் அளவுக்குப் பெரிய குகைகளே இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் ஒரு வேலை. தரை கருங்கல். ஆகவே மேட் வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தவன் நானே. வெறும் கிரேனைச் சுற்றிப் பார்த்தபோதே ஒரு பாதம் முழங்கை ஆழம் உள்ளே போய்விட்டது. சுமை இல்லாததால் கிரேன் நின்றது. கல்லை உடைத்துப் பார்த்தபோது கீழே ஒரு ஆள் குனிந்து நிற்கும் அளவுக்கு வெற்றிடம். அதற்குப் பிறகு, கனமான தூக்கு என்றால் பாதம் வரும் நான்கு இடங்களிலும் துளையிட்டுப் பார்க்காமல் நான் கையெழுத்திட்டதில்லை. கம்பியால் தட்டிப் பார்த்து, ஓசை மாறினால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஓசை மாறவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

கரும்புத் தோட்டமாக இருந்த நிலத்தில் வேறு சிக்கல். பெரிய பாறை உருண்டைகளை அகற்றி ஓரமாகக் குவித்திருப்பார்கள். அகற்றிய குழிகளில் தளர்ந்த மண் நிரம்பியிருக்கும். ஒரு பாதம் பாறை மேல், இன்னொன்று நிரப்பிய குழி மேல் என்று அமைந்தால் சாய்வு ஒரே பக்கமாக வரும். கடற்கரை ஓட்டல் வேலைகளில் பவள மணல். காய்ந்திருக்கும்போது கால் புதையும், நனைந்தால் இறுகியது போலத் தோன்றும், அதிர்வில் மறுபடியும் தளரும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களை வெள்ளக்காடாக்கியது நினைவிருக்கும். அப்படி வெள்ளம் வடிந்த தளத்தில், முன்பு சோதித்த தரையாக இருந்தாலும் புதிதாகச் சோதியுங்கள். அடிமண்ணை நீர் இழுத்துப் போயிருக்கலாம்.

குழிக்கு அருகில் நிறுத்தும்போது, குழி எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து பாதம் தள்ளியிருக்க வேண்டும். மண் தளர்ந்ததாக இருந்தால் இரட்டிப்புத் தூரம். புதைத்த கழிவுநீர்க் குழாய், தொட்டி, பழைய கிணறு ஆகியவற்றை வரைபடத்திலும் பாருங்கள், அக்கம்பக்கத்து வயதானவர்களிடமும் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத கிணற்றை ஒரு பாட்டி எனக்குக் காட்டியிருக்கிறார்.

மட்டக்குமிழி நகர்வதை அற்பமாக எண்ணாதீர்கள். நீண்ட பூம், கிட்டத்தில் சுமை என்ற நிலையில் மூன்று பாகைச் சாய்வு கிரேனின் திறனில் பாதியைத் தின்றுவிடும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒரு சதவீதச் சாய்வுக்கு மேல் அனுமதிப்பதில்லை. சுமை தொங்கும்போது அவுட்ரிகரை ஏற்றி இறக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். இறக்கிவிட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

சுமை தரையை விட்டதும் எச்சரிக்கை ஒலி எழுகிறது

சுமைக் காட்டி வழக்கமாக 90 சதவீதத்தில் முதல் எச்சரிக்கை தரும், வரம்பைத் தாண்டினால் இயக்கத்தை நிறுத்தும். "சென்சார் பழுது" என்ற தீர்ப்பு தளத்தில் உடனே பிறந்துவிடுகிறது. சென்சார் பழுதாவது உண்டு. ஆனால் அதை நீங்கள் சந்தேகிக்க வேண்டியது கடைசியாக.

முதலில் சுமையின் எடையைத் திரும்பக் கணக்கிடுங்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2.4 டன். வாளியின் எடை தனி. ஹூக் பிளாக் (ஹூக்கைத் தாங்கும் கப்பி), சிலிங் (சுமையைக் கட்டும் பெல்ட் அல்லது வடம்), ஸ்பிரெடர் (சிலிங்கை விரித்துப் பிடிக்கும் சட்டம்) எல்லாவற்றையும் சுமையோடு சேர்த்துத்தான் சார்ட்டைப் படிக்க வேண்டும். அடுத்து, தூரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். சுமை ஏறியதும் பூம் சற்று வளைந்து முன்னே போகும். காலியாக 14 மீட்டரில் நின்ற ஹூக், சுமையோடு அதைத் தாண்டி நிற்கும். சார்ட்டின் விளிம்பில் திட்டமிட்டவர்களுக்கு அந்தச் சிறு நகர்வே எச்சரிக்கை ஒலியாகக் கேட்கிறது.

அச்சில் வார்த்த கான்கிரீட் பலகையைத் தூக்கும்போது ஒலித்தால், அது அச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 12 சதுர மீட்டர் பரப்பு, 15 சென்டிமீட்டர் தடிப்பு உள்ள பலகையின் எடை சுமார் 4.3 டன். எண்ணெய் தடவிய இரும்பு அச்சில்கூட ஒட்டுதல் விசை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ என்று கணக்கில் எடுப்பது வழக்கம். அதன்படி 1.2 டன் கூடுதல். எண்ணெய் சரியாகத் தடவாத மர அச்சில் இது மூன்று மடங்காகலாம். கிரேனால் பிய்த்தெடுக்கக் கூடாது. ஆப்போ ஜாக்கியோ வைத்து ஒரு மூலையைக் கிளப்பிவிட்டால் காற்று உள்ளே போகும், பிடி விடும். புதைந்த தூண், உறைந்த சேறு, போல்ட் கழற்றாத இரும்புச் சட்டம் ஆகியவற்றுக்கும் இதே விதி. எதிலாவது பிணைந்த பொருளை இழுக்கும் கிரேன் எவ்வளவு எடை தூக்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பிடி சட்டென்று விட்டால் பூம் பின்னால் துள்ளும்.

சுமைக் காட்டி போடும் தடையை விலக்கும் பைபாஸ் சாவியைப் பற்றி ஒரு சொல். அது பழுது பார்ப்பவருக்கானது. சாவி கேபினிலேயே தொங்கினால் அந்தத் தளத்தில் சுமைக் காட்டி இல்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சாவி மேற்பார்வையாளரின் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

தூக்கியதும் சுமை பக்கவாட்டில் ஓடுகிறது

ஹூக் சுமையின் எடைமையத்துக்கு நேர்மேலே இல்லை. இறக்கி, ஹூக்கை நகர்த்தி, மறுபடியும் ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி நிறுத்திப் பாருங்கள். சாய்த்து இழுக்கும் விசையைப் பூம் தாங்காது. அது மேலிருந்து கீழே அழுத்தும் பாரத்துக்காகச் செய்தது, பக்கவாட்டில் வளைவதற்காக அல்ல.

சுமை தானாகச் சுழல்கிறது, கிரேன் திரும்ப மறுக்கிறது அல்லது நிற்க மறுக்கிறது

இது காற்று. வேறு எதையும் தேடுவதற்கு முன் காற்றுமானியைப் பாருங்கள்.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, 3 மீட்டருக்கு 6 மீட்டர் பலகை ஒன்றை ஏறத்தாழ 130 கிலோ விசையோடு தள்ளும். வேகம் 14 மீட்டருக்குப் போனால் 260 கிலோ. கயிறு பிடித்து நிற்கும் இரண்டு பேரால் அடக்க முடியாது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தால் அவர்களும் பலகையோடு போவார்கள்.

மொபைல் கிரேன்களுக்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பு பூம் நீளத்தைப் பொறுத்து மாறும், பெரும்பாலும் வினாடிக்கு 9 முதல் 14 மீட்டர் வரை. டவர் கிரேன்களில் மணிக்கு 50 கிலோமீட்டரில் எச்சரிக்கை, 72 கிலோமீட்டரில் வேலை நிறுத்தம் என்பது பரவலான வழக்கம். ஆனால் இந்த எண்களெல்லாம் கிரேனுக்கானவை. உங்கள் சுமை அகலமான பலகையாக இருந்தால் அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் 1999 ஜூலை 14 அன்று விளையாட்டரங்கக் கூரைப் பகுதியைத் தூக்கிய ராட்சத கிரேன் விழுந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். கிரேன் மீது படும் காற்றைக் கணக்கிட்டவர்கள், தூக்கிய கூரை மீது படும் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. இன்றைக்கும் தளங்களில் நடக்கும் தவறு இதுதான்.

தரையில் காற்றுமானியைப் பிடித்து அளக்காதீர்கள். 60 மீட்டர் உயரத்தில் வீசும் காற்று, 10 மீட்டர் உயரத்தில் இருப்பதைவிடக் கால்பங்குக்கு மேல் வேகமாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று நாள் முழுதும் விடாமல் வீசும். மோக்கா மலைத்தொடரின் மறைவில் இருக்கும் தளத்தில் அமைதியாகத் தெரியும், இடைவெளி வழியாகத் திடீரென்று பாயும். எபேன் போன்ற இடங்களில் இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவில் காற்று நெருக்கப்பட்டு வேகம் பிடிக்கும். சராசரி வேகத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கிரேனைத் தள்ளுவது திடீர் வீச்சு.

புயலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நவம்பர் முதல் மே நடு வரை இங்கே புயல் பருவம். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலில் மணிக்கு 280 கிலோமீட்டர் வீச்சு பதிவான தீவு இது. ஐரோப்பாவின் உள்நாட்டு நகரத்துக்கென்று வடிவமைத்த டவர் கிரேனை இங்கே அதே உயரத்தில் நிறுத்தலாமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். உயரத்தைக் குறைத்தோ, கட்டடத்தோடு பிணைத்தோ நிறுத்தச் சொல்வார்கள்.

எச்சரிக்கை நான்கு வகுப்பாக வரும். மணிக்கு 120 கிலோமீட்டர் வீச்சு வருவதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு முதல் வகுப்பு. பன்னிரண்டு மணி நேரப் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்படி இரண்டாம் வகுப்பு. ஆறு மணி நேரப் பகல் மிச்சமிருக்கும்படி மூன்றாம் வகுப்பு. அந்த வீச்சு பதிவானதும் நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் ஆட்கள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆகவே கிரேனுக்கான வேலை முதல் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும். நீண்ட லாட்டிஸ் பூமை (இரும்புப் பின்னல் சட்டத்தாலான பூமை) தரையில் படுக்க வைக்கப் பூமின் நீளத்துக்கு இடம் தேவை. அந்த இடத்தில் கம்பிக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தால் அதை அகற்றவே ஒரு நாள் ஆகும். 2015 செப்டம்பர் 11 அன்று மெக்காவில் விழுந்த கிராலர் கிரேனின் (சங்கிலிப் பட்டையில் ஓடும் கிரேனின்) பூம், பலத்த காற்று வீசியபோது இறக்கப்படாமல் உயர்ந்தே நின்றது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

டவர் கிரேனில் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறாகத் தோன்றும். அதைக் கட்டிப்போடக் கூடாது. ஹூக்கில் எதுவும் தொங்காமல் மேலே ஏற்றி, கிடையான கையில் ஓடும் டிராலியைக் கம்பத்தின் அருகே தயாரிப்பாளர் சொன்ன இடத்துக்குக் கொண்டுவந்து, சுழற்சிப் பிரேக்கை விடுவித்துவிட வேண்டும். அப்போது ஜிப் எனும் அந்தக் கிடையான கை கோயில் கொடியைப் போலக் காற்றின் திசைக்குத் தானே திரும்பி, குறைந்த பரப்பைக் காட்டி நிற்கும். பிரேக் பிடித்திருந்தால் பக்கவாட்டில் முழுக் காற்றையும் வாங்கும். சுற்றுப்பாதையில் வேறு கிரேனோ கட்டடமோ குறுக்கிடாமல் இருப்பதை முன்பே உறுதி செய்ய வேண்டும். ஜிப்பிலும் கம்பத்திலும் கட்டிய விளம்பரப் பதாகை, அலங்கார விளக்கு, கொடி எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். தைப்பூசக் காவடி புயல் பருவத்தின் நடுவில்தான் வரும். நம்மவர்கள் ஆசையாகக் கட்டும் தோரணத்துக்கும் இது பொருந்தும். முருகனுக்கான தோரணம் தரையில் இருக்கட்டும்.

புயல் நடுவே காற்று திடீரென்று அடங்கினால் அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வீசும். யாரும் மேலே ஏறக் கூடாது. புயல் முற்றிலும் போன பிறகு போல்ட், பிணைப்பு, அடித்தளம், மின்சாரம் எல்லாவற்றையும் தகுதியானவர் பார்க்காமல் முதல் தூக்கு இல்லை.

சிலிங் வழுக்குகிறது, கிறீச்சிடுகிறது, சுமையின் ஓரத்தைக் கடிக்கிறது

கோணத்தைப் பாருங்கள். 2 டன் சுமையை இரண்டு கால் சிலிங்கில் தூக்கும்போது, படுக்கைக்கோட்டிலிருந்து 60 பாகைக் கோணம் என்றால் ஒவ்வொரு காலிலும் 1.15 டன். 45 பாகையில் 1.41 டன். 30 பாகையில் ஒவ்வொரு காலிலும் முழு 2 டன். நீளம் போதாத சிலிங்கை இழுத்து மாட்டுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 45 பாகைக்குக் கீழே போகவே போகாதீர்கள், நீளமான சிலிங் கேளுங்கள்.

துணிப் பெல்ட்டின் நிறம் அதன் திறனைச் சொல்லும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10 டன்னும் அதற்கு மேலும். ஆனால் இந்தத் தீவின் வெயிலில் ஒரு பருவம் கிடந்த பெல்ட்டில் மஞ்சளும் வெளிறும், நூலின் பலமும் போகும். சீட்டில் எழுத்து படிக்க முடியவில்லை என்றால் அந்தப் பெல்ட்டை நறுக்கிப் போடுங்கள். நறுக்காமல் ஓரமாகப் போட்டால் மறுநாள் யாராவது எடுத்து மாட்டுவார்கள். சுருக்குப் போட்டுத் தூக்கினால் திறனில் 80 சதவீதம்தான் மிச்சம். கூர்மையான விளிம்பில் காப்புத் துண்டு வைக்காமல் எந்தப் பெல்ட்டும் தொடக் கூடாது.

ஷேக்கிள் என்ற இணைப்பு வளையத்தின் சொந்த ஆணி மாற்றப்பட்டு அதற்குப் பதில் போல்ட் இருந்தால் தூக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

ரோப் டிரம்மில் குறுக்கே ஏறுகிறது, அல்லது கூண்டு போல விரிகிறது

டிரம் என்பது ரோப் சுற்றும் உருளை. குறுக்கே ஏறினால் ரோப் தளர்ந்து சுற்றப்பட்டிருக்கிறது. ஹூக்கைத் தரையில் கிடத்திவிட்டு ரோப்பை விட்டுக்கொண்டே போனதன் விளைவு. டிரம்மில் குறைந்தது இரண்டு மூன்று சுற்று மிச்சம் வைத்து முழுவதும் விட்டு, சிறு சுமையோடு ஒழுங்காகச் சுற்றுங்கள்.

இழைகள் விரிந்து கூண்டு போல நின்றால் அந்த ரோப் முடிந்தது. முறுக்கு விழுந்து மடிந்தாலும் அதே தீர்ப்பு. ஒரு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி ரோப்பை ஒரு முறை சுற்றி வரும் நீளத்துக்குள்) ஆறு கம்பிகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ மாற்ற வேண்டும் என்பது பல தளங்களில் பின்பற்றும் கணக்கு. உங்கள் கிரேனின் கையேடு இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அதைக் கேளுங்கள். கடற்கரைத் தளங்களில் உப்புக்காற்று வெளியே காட்டாமல் உள்ளே அரிக்கும். மேலே கிரீஸ் பளபளக்கும், உள்ளே செந்தூள் கொட்டும். விட்டத்தை வெர்னியரால் அளந்து, புதிதாக இருந்தபோது இருந்ததோடு ஒப்பிடுங்கள். கையுறையோடு தடவிப் பார்த்துச் சொல்வது பரிசோதனை ஆகாது.

ஹூக் பிளாக் பூம் முனையில் போய் மோதும் அளவுக்கு ஏறினால் மேல்வரம்பு சுவிட்ச் வேலை செய்யவில்லை. காலையில் வெறும் ஹூக்கை மெதுவாக ஏற்றி, சுவிட்ச் நிறுத்துகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்த இடத்தில் ரோப் அறுந்து ஹூக் பிளாக் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் சாப்பாட்டுக்குக் கலைந்த நேரம் அது, அதனால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

லீவரை விட்ட பிறகும் சுமை மெல்ல இறங்குகிறது

பிரேக். இறக்கி நிறுத்துங்கள், மெக்கானிக் வரும்வரை தொடாதீர்கள். "சிறிய சுமைதானே" என்று அடுத்த தூக்குக்குப் போகாதீர்கள்.

நான் ஒன்று சொன்னேன், சுமை வேறு பக்கம் போயிற்று

இந்தத் தீவின் தளங்களில் நம் ஆட்கள், பீகார், வங்கதேசம், சீனாவிலிருந்து வந்தவர்கள், கிரியோல் பேசும் உள்ளூர்க்காரர்கள் என்று எல்லோரும் ஒரே ஹூக்குக்குக் கீழே நிற்கிறோம். தூத்துக்குடியில் நான் கற்ற கலாசிப் பேச்சில் "ஆரியா" என்றால் இறக்கு. கிரியோலில் "அரேதே" என்றால் நிறுத்து. இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. ஒரு நாள் ரேடியோவில் முதல் அசை மட்டும் கேட்டு மீதி இரைச்சலில் மறைந்தது. நிறுத்தச் சொன்னவர் உள்ளூர் சிக்னல்மேன், கேட்டவர் நம் ஊர் ஆபரேட்டர். சுமை இறங்கியது. கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று பின்வாங்கியதால் தப்பினார். அன்று மாலை இருவரையும் அருகருகே உட்கார வைத்துப் பேசினேன். இருவர் மீதும் தவறில்லை. மொழியை முடிவு செய்யாமல் வேலையைத் தொடங்க வைத்த என் மீதுதான் தவறு.

தமிழிலும் இதே ஆபத்து உண்டு. "விடு" என்றால் இறக்கு என்றும் பொருள், அப்படியே இருக்கட்டும் என்றும் பொருள். ரேடியோவில் அந்தச் சொல்லைத் தடை செய்யுங்கள். ஒவ்வொரு கிரேனுக்கும் ஆறேழு சொற்கள் போதும். அவை எந்த மொழியாக இருந்தாலும், ஒன்றுபோல் ஒலிக்காதவையாகத் தேர்ந்து, கேபினிலும் சிக்னல்மேனின் ஹெல்மெட்டிலும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் தளத்தில் கிரியோலின் மொந்தே, தேசன் என்பவற்றை ஏற்றவும் இறக்கவும் வைத்தோம், நிறுத்துவதற்கு "ஸ்டாப்" மட்டும். ஆரியாவும் அரேதேயும் இரண்டும் வெளியேறின.

ஆபரேட்டருக்குச் சுமை தெரியாத தூக்குகளில் ஒரு விதி உயிர் காக்கும்: அசைவு தொடரும்வரை சொல்லும் தொடர வேண்டும். "தேசன், தேசன், தேசன்" என்று சிக்னல்மேன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல் நின்றால் கிரேன் நிற்க வேண்டும். பேட்டரி தீர்ந்தாலும், இரைச்சல் வந்தாலும், சிக்னல்மேன் தடுக்கி விழுந்தாலும் அமைதியே நிறுத்தக் கட்டளையாகிவிடும். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் தளத்தில் நான் வேலை செய்ய மாட்டேன்.

ஒரு கிரேனுக்கு ஒரு நேரத்தில் ஒரே சிக்னல்மேன். ஆனால் நிறுத்தச் சொல்லும் உரிமை தளத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு, நேற்று வந்த எடுபிடிப் பையனுக்கும்கூட.

ஆபரேட்டரின் கை தாமதமாகிறது

சிக்னலுக்கும் அசைவுக்கும் இடையே இடைவெளி கூடினால் ஹைட்ராலிக்கைச் சந்தேகிக்கும் முன் மனிதரைப் பாருங்கள். ஜனவரி வெயிலில் கண்ணாடிக் கேபின் அடுப்பாகிவிடும். கழிப்பறைக்குப் போக ஐம்பது மீட்டர் ஏணி இறங்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்காத ஆபரேட்டர்களை எனக்குத் தெரியும். ஏசி பழுதா என்று கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்கு இறங்கினார் என்று கேளுங்கள். ஊரில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றும் கேளுங்கள். கான்கிரீட் போடும் நாளில் இரண்டாவது ஆபரேட்டர் இல்லாமல் திட்டமிடுவது, ரோப் இல்லாமல் திட்டமிடுவதற்குச் சமம்.

உலோகத்தைத் தொட்டால் சுர்ரென்கிறது, அல்லது பூம் மின்கம்பியைத் தொட்டுவிட்டது

இந்தத் தீவில் மின்பாதைகள் 66,000 வோல்ட் வரை செல்கின்றன. தெருவோரம் ஓடும் 22,000 வோல்ட் கம்பிக்குக்கூட அருகில் போனாலே மின்சாரம் பாயும், தொட வேண்டியதில்லை. 50,000 வோல்ட் வரை குறைந்தது 3 மீட்டர், அதற்கு மேல் 200,000 வோல்ட் வரை 4.6 மீட்டர் என்பது அமெரிக்க விதி. சுமையின் ஊசலாட்டத்தையும் சேர்த்து இதைவிடத் தாராளமாக விடுங்கள். சிறந்த வழி, மின்வாரியத்திடம் முன்கூட்டிக் கேட்டுப் பாதையைத் துண்டிக்கச் செய்வது.

தொட்டுவிட்டால்: ஆபரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும். முடிந்தால் வந்த வழியே பூமைத் திருப்பி விலக்கலாம். கீழே இருப்பவர்கள் சுமையையோ கயிற்றையோ கிரேனையோ தொடாமல் குறைந்தது 10 மீட்டர் விலக வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், கிரேனையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, சேர்த்தபடியே துள்ளித் துள்ளி விலக வேண்டும். அகல அடி வைத்தால் இரண்டு கால்களுக்கும் இடையே மின்சாரம் பாயும். அவசர மருத்துவ உதவிக்கு 114.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆபரேட்டர் மட்டும் தூக்க மறுக்கிறார்

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவுபெற்ற இயந்திரப் பரிசோதகரின் சான்றிதழ் செல்லுபடியாகிறது, சார்ட் சரி, காற்று சரி. ஆனாலும் மேலே இருப்பவர் வேண்டாம் என்கிறார். அவரைத் திட்டாதீர்கள், மேலாளரைக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள். மேலே ஏறி அவர் இருக்கையில் உட்கார்ந்து, அவர் பார்ப்பதைப் பாருங்கள். கியூர்பிப்பில் ஒரு மூடுபனிக் காலையில் அப்படி ஏறினேன். கீழிருந்து தெளிவாகத் தெரிந்த சிக்னல்மேன், மேலிருந்து பார்த்தால் இல்லவே இல்லை. வெறும் வெள்ளை. பனி விலகும்வரை நாங்கள் இருவரும் கேபினில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்த டீயைக் குடித்தோம். ஒன்பதரை மணிக்குச் சிக்னல்மேனின் ஆரஞ்சு மேலங்கி தெரிந்தது. முதல் கட்டு தரையை விட்டு ஒரு சாண் எழுந்து நின்றது.